மூப்படையும் நாடும் முதுமையின் பொறுப்பும்

மனிதன் மூப்படைவதை யாவரும் அறிவர். ஒரு நாடு மூப்படைவது எங்ஙனம் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். நாட்டின் வயதை அது விடுதலை பெற்ற ஆண்டிலிருந்து எண்ணுவது வரலாற்றாசிரியர் முறை. அதில் வாழும் மக்களின் வயதைக் கொண்டு எண்ணுவது பொருளியலார் முறை. முதற் கணக்கின்படி சிங்கப்பூர் இளைய நாடு. 1965-இல் தனி நாடாயிற்று. இரண்டாம் கணக்கின்படி அது விரைந்து முதிர்ந்து வரும் நாடு. 2015-இல் குடிமக்களுள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 13.1 பேர். 2025-இல் அவர்கள் நூற்றுக்கு 20.7 பேர், அதாவது ஐவரில் ஒருவர். 2030-இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அவ்வயதினராக இருப்பர் என்பது அரசின் கணிப்பு.

இம்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் 'சுமை' என்னும் சொல்லையே முதலில் எடுக்கின்றனர். முதியோர் பெருகுவதால் நாட்டுக்குச் சுமை கூடுகிறது என்கின்றனர். முதுமைக்கு எக்காலத்தும் செலவு உண்டு. அதை யாரோ ஒருவர் ஏற்றே வந்துள்ளார். முன்னர் அதை ஏற்றவர் யார், இன்று ஏற்பவர் யார், யார் ஏற்பது நேர்மை என்பனவே நாம் ஆராய வேண்டியவை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாக அமைகிறது.

மூப்பின் கணக்கு

ஒரு நாடு மூப்படைவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மக்கள் நெடுநாள் வாழ்தல். மற்றொன்று, குழந்தைகள் குறைவாகப் பிறத்தல். 1965-இல் சிங்கப்பூரில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 65 ஆண்டு. இன்று அது 83-ஐத் தாண்டிவிட்டது. தூய குடிநீர், தடுப்பூசி, நல்ல வீடு, நல்ல மருத்துவம் ஆகியவை தந்த வெற்றி இது. இதைக் குறையாகக் கருதுதல் தகாது.

இரண்டாம் காரணம் சற்றுச் சிக்கலானது. 1966-இல் சிங்கப்பூரில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவப்பெற்றது. 1972-இல் 'இரண்டு போதும்' என்னும் இயக்கம் ஊரெங்கும் முழங்கிற்று. 1965-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4-க்கு மேல் இருந்த குழந்தைகளின் தொகை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. மக்கள்தொகை குறையாமல் நிலைத்து நிற்க ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை வேண்டும் என்பர். 1970-களின் இடையில் அந்த அளவுக்கு வந்த சிங்கப்பூர், பின்னர் அதற்கு மேலே ஏறவேயில்லை. 1987-இல் அரசு தன் கொள்கையை மாற்றி, வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்று அறிவித்தது. எனினும் சரிவு நிற்கவில்லை. 2023-இல் இவ்விகிதம் 0.97 ஆயிற்று, முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு தலைமுறையில் ஆணும் பெண்ணுமாக 100 பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் பெண்கள் 50 பேர். பெண்ணுக்கு ஒரு குழந்தை என்றால் அடுத்த தலைமுறை 50 பேர். அதற்கு அடுத்தது 25 பேர். நூறு பாட்டன் பாட்டிமார்க்கு இருபத்தைந்து பேரப்பிள்ளைகள்! பேரப்பிள்ளைகள் நிறைந்த முற்றத்தைப் பழைய தமிழ்க் குடும்பம் செல்வமாகக் கருதிற்று. இன்று பேரப்பிள்ளையைச் சுற்றிப் பெரியோர் நிறைந்திருக்கும் காலம் வந்துவிட்டது.

முதுமை ஊரில் இருந்த காலம்

இனி, முற்காலத் தமிழரின் முதுமை எங்கே கழிந்தது என்று பார்ப்போம். சிராங்கூன் சாலையும் தேக்காவும் பஃபலோ சாலையும் தமிழர் குடியிருப்புகளாக வளர்ந்த காலத்தில், அங்கே வாழ்ந்தவருள் மிகப் பெரும்பாலோர் தனித்து வந்த ஆண்கள். நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணியிலும், துறைமுகத்திலும், செம்பவாங் கப்பல் தளத்திலும், கடைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். 1957-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போதும் இங்கிருந்த இந்தியருள் ஆண்களின் தொகை பெண்களைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. மனைவியும் மக்களும் தஞ்சையிலோ திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ இருந்தார்கள். மாதந்தோறும் பணம் ஊருக்குச் சென்றது. உடல் தளர்ந்தபோது மனிதனும் ஊருக்குச் சென்றான்.

ஆகவே இளமையின் உழைப்பைச் சிங்கப்பூர் பெற்றது. முதுமையின் செலவைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஏற்றது. இங்கே முதியோர் குறைவாக இருந்ததற்கு அன்றைய குறுகிய வாழ்நாள் மட்டும் காரணமன்று. முதுமையை வேறொரு நாட்டின் கணக்கில் எழுதிவிட்டதும் காரணமாகும். ஊர் திரும்ப இயலாத ஏழையின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. சீனத் தொழிலாளருள் குடும்பமற்ற முதியோர் பலர் சாகோ சந்தில் இருந்த 'சாவு வீடுகளில்' தம் இறுதி நாட்களைக் கழித்தனர். அவ்வீடுகள் 1961-இல் தடை செய்யப்பட்டன. இனம் எதுவாயினும் தனித்து வந்த உழைப்பாளியின் முடிவு பெரிதும் ஒத்தே இருந்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் எளிதாக வந்து போகும் வழக்கத்தைக் கட்டுப்படுத்திற்று. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர் தம்மைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்று தமிழவேள் கோ. சாரங்கபாணி போன்றோர் ஊக்கினர். 1968-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் முடிவு அறிவிக்கப்பட்டதும், படைத்தளங்களில் வேலை செய்த இந்தியர் பலர் பணிக்கொடை பெற்றுத் தாயகம் திரும்பினர். எஞ்சியோர் குடும்பத்துடன் இங்கேயே வேரூன்றினர். அன்று முதல் தமிழனின் முதுமையும் சிங்கப்பூருக்கே உரியதாயிற்று. அதற்கான ஏற்பாட்டை இந்நாடே செய்ய வேண்டியதாயிற்று.

சேமநிதியும் அதன் இரு இடைவெளிகளும்

அவ்வேற்பாட்டின் தூண் மத்திய சேமநிதி. அது 1955 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிற்று. ஓய்வூதியமா, சேமநிதியா என்னும் வாதம் அக்காலத்தில் எழுந்து, சேமநிதியே வென்றது. ஓய்வூதிய முறையில் இன்று உழைப்போர் செலுத்தும் பணம் இன்றைய முதியோர்க்குச் செல்லும். சேமநிதி முறையில் ஒருவர் செலுத்திய பணம் அவர் கணக்கிலேயே நிற்கும். தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 5, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 5 என்று அது தொடங்கிற்று. இன்று 55 வயது வரையுள்ள ஊழியர்க்கு இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 37.

இம்முறையின் சிறப்பு தெளிவானது. இளைஞர் தொகை குறைந்தாலும் முதியவரின் கணக்கில் உள்ள பணம் குறையாது. ஓய்வூதிய முறையை நம்பிய ஐரோப்பிய நாடுகள் பல இன்று படும் இடரைச் சிங்கப்பூர் பெரிதும் தவிர்த்திருப்பதற்கு இதுவே காரணம். ஆயினும் இதில் இரண்டு இடைவெளிகள் உள்ளன.

முதலாவது, தான் எவ்வளவு காலம் வாழ்வோம் என்பது ஒருவருக்கும் தெரியாது. தொடக்கத்தில் 55 வயதில் சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. 55 வயதில் பெற்ற பணம் 65 வரை போதலாம். 85 வரை போதுமா? 1968 முதல் சேமநிதியைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கலாம் என்றானபின், சேமிப்பில் பெரும்பகுதி சுவராகவும் கூரையாகவும் மாறிற்று. வீடு இருக்கும், கையில் காசு இருக்காது என்னும் நிலை முதியோர் பலர்க்கு வந்தது.

இரண்டாவது, சேமநிதி ஊதியத்தின் நிழல். ஊதியம் உள்ளவர்க்கே அது உண்டு. குறைந்த ஊதியம் பெற்றவர்க்குக் குறைந்த முதுமை; ஊதியமே இல்லாதவர்க்கு? இவ்வினாவுக்குப் பின்னர் வருவோம்.

தனித்துச் சேர்ப்பதும் பகிர்ந்து காப்பதும்

முதல் இடைவெளியை அரசு விரைவிலேயே உணர்ந்தது. 1984-இல் ஹாவ் யூன் சோங் தலைமையில் அமைந்த குழு, சேமநிதியை எடுக்கும் வயதை 55-லிருந்து 60-ஆக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். தாம் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தமக்கே தர மறுப்பதா என்று கேட்டனர். பரிந்துரை கைவிடப்பட்டது. ஆனால் அதன் பின்னிருந்த கணக்கைக் கைவிட இயலவில்லை. 1987-இல், ஒரு குறிப்பிட்ட தொகையை முதுமைக்கென்று நிறுத்தி வைக்கும் விதி வந்தது. 2009-இல் 'சிபிஎஃப் லைஃப்' என்னும் திட்டம் பிறந்தது. அதில் சேர்ந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் மாதந்தோறும் ஒரு தொகை பெறுவார்.

இத்திட்டத்தின் உட்பொருளைச் சற்று விளக்க வேண்டும். 65 வயதான நூறு பேரைக் கருதுவோம். சிலர் 70-இல் மறைவர். சிலர் 95 வரை வாழ்வர். சராசரி 85 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தனித்துச் சேர்ப்பதானால், 95 வரை வாழ நேரிடுமோ என்று அஞ்சி 30 ஆண்டுக்கு வேண்டிய பணத்தைச் சேர்க்க வேண்டும். நூறு பேரும் பணத்தை ஒரே கிண்ணத்தில் இட்டால், ஆளுக்கு 20 ஆண்டுக்கு வேண்டிய பணம் போதும். விரைவில் மறைந்தவர் விட்டுச்செல்லும் பங்கு நெடிது வாழ்வோரைக் காக்கும். தனி மனிதனால் தாங்க இயலாத ஐயப்பாட்டைக் கூட்டம் தாங்குகிறது. இதுவே பகிர்ந்து காத்தல்.

மருத்துவத் துறையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1984-இல் தொடங்கிய மெடிசேவ் தனி மனிதச் சேமிப்பு. 1990-இல் வந்த மெடிஷீல்டு ஒரு காப்புறுதி. ஆனால் அதற்கு வயது வரம்பு இருந்தது. 2015-இல் வந்த மெடிஷீல்டு லைஃப், முன்பே நோயுற்றவரையும் சேர்த்துக் குடிமக்கள் அனைவரையும் வாழ்நாள் முழுதும் காக்கிறது. தன் சேமிப்பையே முழுமையாக நம்பிய நாடு, மெல்ல மெல்லப் பகிர்ந்து காக்கும் நெறிக்கு வந்துகொண்டிருக்கிறது. மூப்பு அந்நாட்டுக்குக் கற்பித்த பாடம் இது எனலாம்.

பொருளியல் விளைவுகள்

உழைப்போர் தொகை குறையுமாயின் விளைபொருளும் குறையும் என்பது பொதுவான அச்சம். அதற்கு விடைகள் மூன்று: முதியோரே சற்று நெடுநாள் உழைத்தல், பிற நாட்டினரை வரவழைத்தல், கருவிகளைக் கொண்டு ஒருவரே பலர் வேலையைச் செய்தல். சிங்கப்பூர் மூன்றையும் கையாளுகிறது. சட்டப்படியான ஓய்வு வயது 1993-இல் 60 ஆயிற்று, 1999-இல் 62, 2022-இல் 63. ஓய்வுக்குப்பின் மறுவேலை தருவதற்கான வயது 2022-இல் 68 ஆயிற்று. இவை 2026 ஜூலை 1 முதல் 64, 69 எனவும், 2030-க்குள் 65, 70 எனவும் உயர்த்தப்பட வேண்டும் என்பது முடிவு.

இதில் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவர்க்கு 68 வயது பெரிதன்று. அனுபவம் அவர்க்கு மதிப்பைத் தரும். உணவங்காடியில் தட்டுகளைச் சேர்க்கும் அம்மையார்க்கும் மாடிப்படிகளைத் துடைக்கும் பெரியவர்க்கும் அஃது அத்துணை எளிதன்று. விரும்பி உழைப்பதும் வேறு வழியின்றி உழைப்பதும் புள்ளிவிவரத்தில் ஒன்றாகவே தோன்றும். வாழ்க்கையில் அவை வேறு வேறு.

அரசின் செலவும் கூடுகிறது. 2023-இல் 8 விழுக்காடாகவும் 2024-இல் 9 விழுக்காடாகவும் பொருள் சேவை வரி உயர்த்தப்பட்டபோது, முதியோரின் மருத்துவச் செலவே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. அதே வேளையில் சிறு செலவால் பெரும்பயன் விளைவதும் உண்டு. 2009 முதல் சாலைக் கடப்புகளில் முதியோர் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரிகிறது. 2012 முதல் வீவக வீடுகளின் குளியலறைகளில் கைப்பிடிகள் பொருத்த உதவித்தொகை கிடைக்கிறது. ஒரு முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவோடு ஒரு கைப்பிடியின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவர், முன்கூட்டிக் காப்பதே சிக்கனம் என்பதை உணர்வர்.

ஊதியமில்லா உழைப்பு

இனி இரண்டாம் இடைவெளிக்கு வருவோம். 1957-இல் சிங்கப்பூர்ப் பெண்களுள் ஊதியத்துக்கு உழைத்தோர் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. சமைத்தும், பிள்ளை வளர்த்தும், மாமன் மாமியைப் பேணியும் வாழ்ந்த தாய்மார்க்குச் சேமநிதிக் கணக்கில் சேர்ந்தது ஒன்றுமில்லை. அவர்கள் உழைக்கவில்லை என்று யார் கூறுவார்? அவர்கள் வீட்டைக் காத்ததாலன்றோ கணவன் வேலைக்குச் சென்று சேமநிதி சேர்த்தான்? பெண்கள் ஆண்களைவிட நெடுநாள் வாழ்பவர்கள். ஆதலின் கணவன் மறைந்தபின் பல்லாண்டு தனித்து வாழ்பவளும் அவளே. கையில் பொருள் குறைந்தவளும் அவளே.

பகிர்ந்து காக்கும் திட்டங்களும் இங்கே சற்றுத் தயங்கி நிற்கின்றன. 2020-இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப், பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்க்கு மாதந்தோறும் பணம் தருவது, நல்ல திட்டம். அதில் 30 வயதினர்க்கு அவ்வாண்டு விதிக்கப்பட்ட கட்டணம் ஆணுக்கு 206 வெள்ளி, பெண்ணுக்கு 253 வெள்ளி. பெண்கள் நெடுநாள் வாழ்ந்து நெடுநாள் உதவி பெறுவர் என்பதே காரணம். காப்புறுதிக் கணக்கின்படி அது பிழையன்று. ஆயினும் நோயாளி, நலமுடையவர் என்னும் வேறுபாட்டையே மெடிஷீல்டு லைஃப் பெரிதும் பகிர்ந்துகொள்ளும்போது, ஆண் பெண் வேறுபாட்டைப் பகிர இயலாதா என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த கேள்வி நேர்மையானதே.

இவ்விடைவெளியை நிரப்பச் சில வழிகள் வந்துள்ளன. 2016 முதல் 'சில்வர் சப்போர்ட்' திட்டம், வாழ்நாளில் குறைந்த ஊதியமே பெற்ற முதியோர்க்குக் காலாண்டுதோறும் பணம் தருகிறது. 2014-இல் முன்னோடித் தலைமுறைக்கும் 2019-இல் மெர்டேக்கா தலைமுறைக்கும் மருத்துவச் சலுகைகள் அறிவிக்கப்பட்டன. குறைந்த சேமிப்புள்ள முதியவரின் கணக்கில் குடும்பத்தார் பணம் செலுத்தினால் அரசும் அதற்கு ஈடாகச் செலுத்தும் திட்டம் 2021-இல் தொடங்கிற்று; 2025 முதல் அவ்வீடு ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை கிடைக்கிறது. தீபாவளிக்குத் தாய்க்குப் புடைவை வாங்கித் தரும் பிள்ளைகள், தாயின் சேமநிதிக் கணக்கு எவ்வாறு உள்ளது என்றும் ஒருமுறை கேட்டறிதல் நன்று.

பிள்ளைகளின் கடமையைச் சட்டமும் வலியுறுத்துகிறது. 1995-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. இந்தியா 2007-இல் அத்தகைய சட்டம் கொண்டு வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர்க்கு இச்சட்டம் ஊன்றுகோல். ஆனால் சட்டம் பிள்ளைகளைப் பெருக்காது. ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட கடமையை ஒரே பிள்ளை சுமக்கும் காலத்தில், அன்பு குறையாவிடினும் கைகள் குறைகின்றன. திருமணமாகாதோர்க்கும் பிள்ளையில்லாதோர்க்கும் அச்சட்டத்தால் பயனில்லை. குடும்பம் தன் பங்கைச் செய்தபின்னும் எஞ்சுவதைச் சமுதாயமே ஏற்றல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குச் செல்வோர், ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் காண்பர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டுமானப் பணிக்கும் கப்பல் பட்டறைப் பணிக்கும் வந்தவர்கள் அவர்கள். மூப்படையும் இந்நகரின் உயர்ந்த மாடங்களை எழுப்புபவர்கள் அவர்களே. முதியோரை வீட்டில் தாங்கிப் பிடிக்கும் பணிப்பெண்களும் அயல்நாட்டிலிருந்து வந்தவர்களே. இவர்களுக்குச் சேமநிதி இல்லை. அத்திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஒப்பந்தம் முடிந்ததும் இவர்கள் ஊர் திரும்புவர்.

நூறாண்டுக்கு முன் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்கிறது என்பதை ஈண்டு நோக்க வேண்டும். இளமையின் உழைப்பு இங்கே. முதுமையின் செலவு அங்கே. ஆனால் அங்குள்ள நிலைமை பழையதன்று. 1962-இலேயே முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. இன்று அதுவும் மூப்படைந்து வருகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4. அங்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைக்கும் குறைவு. திரும்பிச் செல்லும் உழைப்பாளியை வரவேற்ற கூட்டுக்குடும்பம் இனி அங்கும் இராது. உழைப்பைப் பெறும் நாடும் முதலாளியும் அவர்களின் முதுமைக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்கும் வழி காண வேண்டாமா? நம் பாட்டன்மாரின் நிலையை நினைப்போர் இக்கேள்வியைப் புறக்கணித்தல் இயலாது.

தமிழாசிரியர்க்கு ஒரு சொல்

புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையாரை மாணவர்க்கு அறிமுகம் செய்யாத தமிழாசிரியர் இலர். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டபோது அவர் மருந்தையோ உணவையோ கூறவில்லை. மனைவி மக்களின் மாண்பு, பணியாளரின் இயல்பு, அரசனின் நேர்மை, ஊரில் வாழும் சான்றோர் ஆகியவற்றையே கூறினார். குடும்பம், உழைப்பாளர், அரசு, ஊர் ஆகிய நான்கும் செம்மையாயின் முதுமை துன்பமாகாது என்பது அதன் கருத்து. சிங்கப்பூரின் சட்டங்களும் திட்டங்களும் எழுபது ஆண்டுகளாகத் தேடி வருவது இந்நான்கின் சமநிலையைத்தான்.

இதில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. நம் முதியோர் பலர்க்கு அரசின் அறிவிப்புகள் எட்டுவதில்லை, எட்டினும் விளங்குவதில்லை. உரிமையுள்ள உதவியைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் அமர்ந்து, வந்துள்ள கடிதத்தைத் தமிழில் படித்துப் பொருள் கூறும் ஒரு பயிற்சியை வகுப்பில் தரலாம். மாணவர்க்கு அது மொழிப்பாடம்; பாட்டிக்கு உரிய தொகை கைக்கு வந்து சேரும் வழி. இவ்வாண்டே இதைத் தொடங்குதல் நன்று.